டார்வினை மயக்கிய சின்னஞ்சிறு பூ

டார்வின் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்குக் குரங்குதான் ஞாபகத்துக்கு வரும். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவர் அவர் என்று பள்ளிக்கூடப் பையனும் சொல்லுவான். உண்மையில் அவர் சொன்னது அதுவல்ல. மனிதனுக்கும் குரங்குக்கும் ஆதியில் மூதாதை ஒன்று என்பதுதான் அவர் கருத்து. அது வேறு கதை.

அந்தப் பெரிய விஞ்ஞானி, புல்லோடு புல்லாக நிற்கும் ஒரு ஜாண் உயரச் செடிகளுக்காகப் பல வருடங்களைச் செலவிட்டார் என்பது அநேகருக்குத் தெரியாது. அந்தச் செடிகளின் பூக்கள் அவருக்கு மகிழ்ச்சியைத் தந்தன. கூடவே ஒரு பயத்தையும் வளர்த்தன. அந்தப் பயம் அவர் பெற்ற பிள்ளைகளைப் பற்றியது.

மாமன் மகள்

சார்லஸ் டார்வின் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பெரிய டாக்டர். வசதியான குடும்பம். டார்வினுக்கு 8 வயது நடந்தபோது தாயார் இறந்துவிட்டார். அக்காமார்கள் வளர்த்தார்கள்.

மகனையும் டாக்டராக்க வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளி அலற அலற ஆபரேஷன் செய்வார்கள். டார்வினால் அதைப் பார்க்க முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டார். பிறகு பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். பாதிரியாரும் ஆகவில்லை. 1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, "பீகிள்" என்ற கப்பலில் உலகம் சுற்றப் புறப்பட்டார். ஐந்து வருடம் கழித்து, 1836 அக்டோபரில் ஊர் திரும்பினார்.

1839-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எம்மா வெட்ஜ்வுட். டார்வினுடைய தாயாரின் தம்பி மகள். நம் ஊர் வழக்கில் சொன்னால், முறைப் பெண்! டார்வினைவிட ஒன்பது மாதம் மூத்தவர். இதற்கு இரண்டு வருடம் முன்புதான், டார்வினுடைய அக்காளை எம்மாவின் அண்ணன் மணந்திருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். வெட்ஜ்வுட் குடும்பத்தார் பீங்கான் பாத்திரம் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர்கள். பணத்துக்கும் குறைவில்லை, பாசத்துக்கும் குறைவில்லை.

1842-ல் டார்வின் லண்டனை விட்டுக் கிளம்பி, 15, 16 மைல் தூரத்தில் உள்ள டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். சாகும்வரை அந்த வீடுதான்.

உலகம் சுற்றி வந்தவர் ஏன் ஒரு கிராமத்தில் அடங்கிவிட்டார்? உடம்பு இடம் கொடுக்கவில்லை. வாந்தி, வயிற்றுக் கோளாறு, படபடப்பு, களைப்பு என்று ஓயாத தொல்லை. பெரிய பெரிய டாக்டர்கள் பார்த்தும் இன்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அது என்ன நோய் என்று இன்றும் டாக்டர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளில் சில மணி நேரம்தான் அவரால் வேலை செய்ய முடியும். மீதி நேரம் சோபாவில் படுத்திருப்பார். எம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார்.

அவர்களுக்கு 10 குழந்தைகள் பிறந்தன. மூன்று தங்கவில்லை. மேரி என்ற பெண் குழந்தை 1842-ல் பிறந்த சில வாரங்களில் இறந்தது. டார்வின் உயிரையே வைத்திருந்த ஆனி என்ற மகள் 1851-ல் 10 வயதில் இறந்தாள். கடைசிப் பிள்ளை 1858-ல் ஜுரத்தில் போய்விட்டது. மற்றக் குழந்தைகளுக்கும் அடிக்கடி உடம்புக்கு வரும். அந்தத் தகப்பனின் மனத்தில் ஒரு முள் தைத்தது. தம்முடைய நோயைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோமோ? சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணமோ?

ஆர்க்கிட் மேடு

டவுன் வீட்டிலிருந்து சற்று நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு வரும். அதன் மேலே சுண்ணாம்பு மண் சரிவு ஒன்று உண்டு. அங்கே பல வகை ஆர்க்கிட் செடிகள் தாமாகவே முளைத்துப் பூக்கும். டார்வின் குடும்பத்தார் அதற்கு "ஆர்க்கிட் மேடு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். குழந்தைகளோடு அங்கே உலாவப் போவது டார்வினுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆர்க்கிட் என்றதும் பணக்காரர் வீட்டுக் கண்ணாடிக் கொட்டகையில், மரத்துண்டில் தொற்றிக்கொண்டு பூக்கும் பெரிய பூக்களை நினைக்க வேண்டாம். இவை தரையில் முளைப்பவை. மண்ணுக்கு அடியில் இரண்டு சிறு கிழங்குகள் இருக்கும். ஒன்று இந்த வருடத்துப் பூவுக்கு உணவு கொடுத்துச் சுருங்கிப்போகும். மற்றொன்று அடுத்த வருடத்துக்காகப் பருத்துக்கொண்டிருக்கும். குளிர் நாட்டு விவசாயி கூடக் கவனிக்காமல் மிதித்துப் போகிற செடிகள்.

அந்த மேட்டில் ஈயைப் போலத் தோற்றமுள்ள பூ உண்டு. "கஸ்தூரி ஆர்க்கிட்" என்று ஒன்று உண்டு. அது மிக மிகச் சிறியது. செடியே இரண்டு முதல் ஆறு அங்குலம்தான். பச்சையும் மஞ்சளும் கலந்த பூ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெயர்தான் கஸ்தூரி. வாசனை என்னவோ தேன் வாசனை. புல்லில் மண்டியிட்டுக் குனிந்தால்தான் அது கண்ணில் படும்.

பென்சில் சோதனை

1859-ல் டார்வின் தம்முடைய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். உயிர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தவை என்று அதில் எழுதினார். இங்கிலாந்தே கொதித்தது. எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று பூவைப் பற்றியது. மனிதன் கண்டு மகிழத்தானே கடவுள் பூவைப் படைத்தார்? இவ்வளவு அழகும் நுட்பமும் தானாக எப்படி வரும்? இதுதான் அவர்கள் கேள்வி.

டார்வின் மேடையேறிப் பதில் சொல்லவில்லை. பூவைக் கையில் எடுத்தார்.

ஆர்க்கிட் பூவில் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டு சிறு மூட்டைகளாகக் கட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு காம்பு. காம்பின் அடியில் பசை. இது எதற்கு?

டார்வின் ஒரு பென்சிலை நன்றாகக் கூர் சீவினார். பூவுக்குள் பூச்சி மூக்கை நுழைப்பது போல, பென்சில் முனையை மெதுவாக நுழைத்தார். வெளியே எடுத்தார். மகரந்த மூட்டை பென்சிலில் ஒட்டிக்கொண்டு கொம்பு மாதிரி நிமிர்ந்து நின்றது! பசை சில நிமிடங்களில் சிமெண்ட் போல இறுகிவிடும்.

வேடிக்கை இனிமேல்தான். நிமிர்ந்து நின்ற மூட்டை, ஏறக்குறைய அரை நிமிடத்துக்குள் தானாகவே முன்பக்கம் சாய்ந்தது. அப்படிச் சாயாவிட்டால் அடுத்த பூவுக்குள் பென்சிலை நுழைக்கும்போது மூட்டை தவறான இடத்தில் முட்டும். சாய்ந்த பிறகோ, விதை உண்டாவதற்கு மகரந்தம் எங்கே சேர வேண்டுமோ, அந்தப் பசையுள்ள இடத்தில் நேராகப் போய் இடிக்கிறது. அந்த அரை நிமிடமும் வீண் அல்ல. பூச்சி ஒரு செடியை விட்டு வேறு செடிக்குப் பறந்து போக நேரம் வேண்டுமல்லவா? தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் பூ தாமதம் செய்கிறது.

இன்னொரு சோதனை, நீங்களும் நானும் கூடச் செய்யக்கூடியது. பூத்து நிற்கும் ஒரு செடியை மணி வடிவக் கண்ணாடியால் மூடிவிட்டார். பக்கத்தில் இருந்த மூன்று செடிகளைத் திறந்தபடி விட்டார். திறந்திருந்த செடிகளின் மகரந்த மூட்டைகளைப் பூச்சிகள் எடுத்துப் போயின. மூடிய செடியில் ஒன்று கூடப் போகவில்லை. பூச்சி வராவிட்டால் அந்தப் பூவுக்கு வாழ்வு இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கணக்குத் தப்பியது. சில ஆர்க்கிட் பூக்களில் தேன்குழல் இருக்கிறது, உள்ளே தேன் இல்லை. ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793-லேயே இவை பூச்சியை ஏமாற்றும் பூக்கள் என்று எழுதிவிட்டார். டார்வின் இதை நம்பவில்லை. பூச்சி அவ்வளவு முட்டாளா என்று நினைத்தார். குழலின் சுவருக்குள் தேன் இருக்கும், பூச்சி துளைத்துக் குடிக்கும் என்று காரணம் கண்டுபிடித்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியில் ஸ்பிரெங்கல் சொன்னதே சரி என்று தெரிந்தது. நல்ல மனிதர்களுக்கு மோசடி எளிதில் கண்ணில் படாது போலும்!

பின்னல் பூ

1861-ல் மகள் ஹென்ரியட்டாவுக்கு உடம்பு சரியில்லை. காற்று மாற்றத்துக்காகக் குடும்பம் முழுவதும் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனது. போன இடத்திலும் டார்வின் சும்மா இருக்கவில்லை.

அங்கே புல்லுக்கு நடுவே ஒரு குட்டி ஆர்க்கிட் பூத்திருந்தது. ஒரு ஜாண் உயரம்கூட இருக்காது. வெள்ளைப் பூக்கள் தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பெண்களின் தலைப் பின்னல் மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குப் "பெண்ணின் பின்னல்" என்றே பெயர். டார்வின் அரை மணி நேரம் அதன் அருகில் காத்திருந்தார். மூன்று பெரிய தேனீக்கள் வந்தன.

தேனீ அடியில் உள்ள பூவில் தொடங்கியது. சுற்றுப் படிக்கட்டில் ஏறுவது போலப் பூப் பூவாக மேலே போனது. உச்சியிலிருந்து பறந்து அடுத்த செடியின் அடிப் பூவுக்குப் போனது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடியில் இருப்பவை முன்னால் பூத்த பூக்கள். மகரந்தத்தை வாங்கிக்கொள்ள அவை தயார். மேலே இருப்பவை புதுப் பூக்கள். அவற்றில் கொடுப்பதற்கு மகரந்தம் இருக்கிறது, வாங்குவதற்கு வழி இன்னும் திறக்கவில்லை. ஆகவே தேனீ ஒரு செடியின் மேல் பூவில் வாங்கியதை, வேறு செடியின் அடிப் பூவில் கொடுக்கிறது. தன் செடிக்குள்ளேயே சம்பந்தம் நடக்காதபடி செடி வேலி போட்டிருக்கிறது.

மகன் பிடித்த பூச்சி

இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து 1862 மே மாதத்தில் டார்வின் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆர்க்கிட் பூக்களில் பூச்சிகளால் மகரந்தம் சேரும் விதம் பற்றிய புத்தகம். முந்திய புத்தகம் போல அது விற்கவில்லை. ஆனால் தாவர நிபுணர்கள் அதை வியந்து பாராட்டினார்கள். அழகுக்காகப் படைத்தது என்று எதைக் காட்டினார்களோ, அந்தப் பூவின் ஒவ்வொரு மடிப்பும் பூவின் சொந்தக் காரியத்துக்காக ஏற்பட்டது என்று அவர் காட்டிவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் வரும் மடகாஸ்கர் பூவின் கதை புகழ் பெற்றது. அதன் தேன்குழல் பதினொன்றரை அங்குல நீளம். அதற்கேற்ற நீள நாக்குள்ள விட்டில் பூச்சி ஒன்று அந்தத் தீவில் இருந்தே தீரவேண்டும் என்று டார்வின் எழுதினார். சிலர் சிரித்தார்கள். 1903-ல் அப்படிப்பட்ட விட்டில் பூச்சி அங்கே இருப்பதை விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அப்போது டார்வின் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது.

எனக்கென்னவோ அந்தப் பெரிய பூவைவிடக் கஸ்தூரி ஆர்க்கிட் கதைதான் பிடித்திருக்கிறது. கடுகுப் பூவுக்குள் எந்தப் பூச்சி நுழையும்? டார்வினுக்கு விளங்கவில்லை. அவருடைய மகன் ஜார்ஜ் அதைக் கண்டுபிடித்தார். சுமார் 20-ல் ஒரு பங்கு அங்குலமே உள்ள நுண்ணிய பூச்சிகள்! மகரந்தம் ஒட்டிய பூச்சிகளாகவே 27 பிடித்தார். மூட்டை ஒட்டியிருந்த இடம் முன்னங்காலில் ஒரே பகுதி. தகப்பனார் 1869-ல் அதை அச்சில் ஏற்றினார்.

மனத்தை அரித்த கேள்வி

ஆர்க்கிட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டார்வின் ஒரு கேள்வியைப் போட்டிருந்தார். தன் மகரந்தமே தனக்குச் சேருவதை இயற்கை இவ்வளவு பாடுபட்டுத் தடுக்கிறதே! அப்படியானால் மனிதர்கள் நெருங்கிய சொந்தத்தில் மணப்பதும் ஏதோ ஒரு வகையில் கெடுதலாகத்தானே இருக்கும்? பூவைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கண்டு விழித்திருப்பார்கள். எழுதியவர் தம் மாமன் மகளை மணந்தவர் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் பாரம் புரிந்திருக்கும்.

அவர் பயந்துகொண்டு சும்மா உட்காரவில்லை. சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 11 வருடம், 57 வகைச் செடிகள். தன் மகரந்தத்தில் பிறந்த கன்றையும், அயல் மகரந்தத்தில் பிறந்த கன்றையும் ஒரே தொட்டியின் இரண்டு பக்கங்களில் வளர்த்தார். ஒரு பூக்கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்து அளந்தார். அயல் மகரந்தக் கொடி 100 அங்குலம் என்றால், தன் மகரந்தக் கொடி சராசரி 77 அங்குலமே வளர்ந்திருந்தது. 1876-ல் இந்த முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

மனிதர் விஷயத்தில் தொட்டியில் வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே 1870-ல், பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்த நண்பர் லப்பக் மூலம் ஒரு யோசனை சொன்னார். அடுத்த வருடத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், சொந்தத்தில் மணந்தவரா என்று ஒரு கேள்வி சேர்க்கவேண்டும் என்பது யோசனை. பார்லிமெண்ட் அதைத் தள்ளிவிட்டது. பிறகு ஜார்ஜே அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். கஸ்தூரிப் பூவில் பூச்சி பிடித்த அதே ஜார்ஜ்! தம் தாய் தகப்பன் செய்துகொண்ட மாதிரிக் கல்யாணத்தால் என்ன கெடுதல் என்று அவர் கணக்குப் பார்த்தார். பயந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, இருந்தாலும் சிறிதளவே என்று 1875-ல் எழுதினார். தகப்பனாருக்கு ஓரளவு நிம்மதி.

முழுக் காரணம் டார்வினுக்குத் தெரியாமலே போயிற்று. ஆஸ்திரியாவில் மெண்டல் என்ற சாமியார், பட்டாணிச் செடியை வைத்து 1866-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதற்கு வழி இருந்தது. டார்வின் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் வெளியே தெரியாத சில குறைகள் மறைந்திருக்கும். கணவனும் மனைவியும் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்களானால், ஒரே குறை இரண்டு பக்கமும் இருக்கலாம். இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் நோயாக வெளிப்படும். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்றால், மாமன் மகளை அல்லது அத்தை மகளை மணந்தவர்களின் குழந்தைகளில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இன்றைய டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அக்காள் மகளை மணந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நம் பக்கத்தில் இந்த வழக்கம் உள்ள குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

டார்வினின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஏழு பேர் வளர்ந்து ஆளானார்கள். ஜார்ஜ் கேம்பிரிட்ஜில் வானநூல் பேராசிரியர் ஆனார். பிரான்சிஸ் தாவர விஞ்ஞானி ஆனார். ஹோரஸ் விஞ்ஞானக் கருவிகள் செய்வதில் பேர் வாங்கினார். மூவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. லியோனார்ட் 93 வயது வரை வாழ்ந்து 1943-ல் காலமானார்.

தேனீ வேஷம்

ஒரு பூ மட்டும் டார்வினைக் கடைசிவரை குழப்பியது. அது தேனீ ஆர்க்கிட். தேனீ ஒன்று பூவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பூச்சியை வரவழைக்க வேண்டிய ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அது பூச்சிக்காகக் காத்திருப்பதில்லை. அதன் மகரந்த மூட்டை நூலில் தொங்குவது போலக் கீழே சரியும். காற்று ஆட்டும். தன் பூவிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே சம்பந்தம் செய்கிறது. காய்த்தும் தள்ளுகிறது! டார்வினின் சட்டத்துக்கு அடங்காத பூ.

தேனீ வேஷம் எதற்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. அல்ஜீரியாவில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் ஆராய்ச்சி 1916-ல் வெளியாயிற்று. இந்த இனத்துப் பூக்கள் பெண் பூச்சியைப் போல வேஷம் போட்டு ஆண் பூச்சியை ஏமாற்றுகின்றன என்று அதில் கண்டிருந்தது.

முளைக்காத விதை

டார்வின் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தார். புள்ளி ஆர்க்கிட் என்ற தரைச் செடியின் ஒரு காயில் சுமார் 6,200 விதைகள் இருந்தன. ஒரு செடியில் 30 காய்கள் என்றால் ஏறக்குறைய 1,86,000 விதைகள். எல்லாம் முளைத்தால், அந்த ஒரு செடியின் கொள்ளுப் பேரன்கள் உலகத்து நிலப்பரப்பை ஏறக்குறைய மூடிவிடும்! ஆனால் ஆர்க்கிட் மேட்டிலேயே செடிகள் தேடித்தான் அகப்படும். மீதி விதை எங்கே போயிற்று?

ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. நெல்லில் அரிசி இருப்பதுபோல, முளைக்கு வேண்டிய உணவு அதற்குள் இல்லை. தோட்டக்காரர்கள் விதைத்து விதைத்துக் கைசலித்தார்கள். 1863-ல் டார்வின் தம் வீட்டில் கண்ணாடிக் கொட்டகை கட்டினார். கியூ அரசாங்கத் தோட்டத்தின் ஹூக்கர் அவருக்கு நெருங்கிய நண்பர். அதே வருடம் அவருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் தம் ஊகத்தைச் சொன்னார். ஆர்க்கிட் கன்று, பூக்காத கீழினத் தாவரங்களை ஒட்டிப் பிழைக்கிறது என்பது ஊகம். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதில் உறுதியாக இருந்தார்.

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் டவுன் வீட்டில் காலமானார். லண்டனில் அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். எம்மா 1896 வரை இருந்தார்.

டார்வின் இறந்து 17 வருடம் கழித்து, 1899-ல், நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர் பாரிசுக்கு அருகே உள்ள காட்டில், சருகுக்கு அடியில் ஆர்க்கிட் முளைகளைக் கண்டார். ஒவ்வொரு முளைக்குள்ளும் பூஞ்சைக் காளான் நூல் ஓடியிருந்தது. அந்தக் காளான்தான் முளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று அவர் நிரூபித்தார். பிறகு 1922-ல் அமெரிக்காவில் நட்சன் என்பவர், காளானுக்குப் பதில் சர்க்கரை சேர்த்த கூழில், சீசாவுக்குள் விதையை முளைக்க வைத்தார். இன்று தரை ஆர்க்கிட்களை விதையிலிருந்து வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வழியில் ஒன்றைத்தான் கையாளுகிறார்கள்.

பெர்னார்ட் கண்ட முளை, "பறவைக் கூடு" என்ற ஆர்க்கிடின் முளை. பச்சை இலை இல்லாத, பழுப்பு நிறச் செடி அது. டார்வினுடைய ஆர்க்கிட் மேட்டில், பீச் மரங்களின் நிழலில், அதுவும் பூத்துக்கொண்டுதான் இருந்தது.